முப்பது நாள் எந்த நாளிலிருந்து? டவ்காட் ஆட்டோஎக்ஸ்பஞ்சும் ஆர்சிங்க் பேக்கப்பும்: ஒரு மதிப்புரை

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள் சென்னையில் இன்னும் உண்டு. மயிலாப்பூரில் ஆடிட்டர் அலுவலகம், பாரிமுனையில் சரக்கு கிளியரிங் ஏஜென்ட், கிண்டி தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. பத்துப் பேரிலிருந்து ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்கள். மூலையில் ஒரு லினக்ஸ் பெட்டி, அதில் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும் அதைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் டவ்காட்டும், பக்கத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அமைத்துக் கொடுத்தவர் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) இரண்டு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். ஒரு வரி ட்ராஷிலும் ஜங்க்கிலும் முப்பது நாள் கடந்த மெயிலை அழிக்கும். இன்னொரு வரி இரவில் பேக்கப் எடுக்கும்.

இரண்டு வரிகளும் கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. எந்த நேரத்தைப் பார்க்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. காலையில் ட்ராஷில் போட்ட மெயில் மறுநாள் காணாமல் போவதும், ஒரு வருஷமாகியும் ஜங்க் காலியாகாமல் கிடப்பதும், பேக்கப்பிலிருந்து மீட்ட மெயில் அத்தனையும் ஒரே தேதியில் வந்ததாகக் காட்டுவதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான். அதனால் இந்த மதிப்புரையில் வேகம், தோற்றம் எதையும் எடைபோடவில்லை. டவ்காட்டில் உள்ளேயே இருந்து பழைய மெயிலைத் தானாக அழிக்கும் ஆட்டோஎக்ஸ்பஞ்ச், அதற்குத் துணையாகக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க், கூடவே பலர் பயன்படுத்தும் அவுட்லுக், விண்டோஸின் நகல் கட்டளை ரோபோகாப்பி, பேக்கப் நிரல் போர்க் ஆகியவை எந்தத் தேதியை நம்புகின்றன, அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்று மட்டும் பார்த்திருக்கிறோம்.

ஒரு மெயில், ஐந்து தேதி

டவ்காட் மெயிலைச் சேமிக்கும் மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு தனிக் கோப்பு. அதன் பெயர் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 1718000000.எம்482913பி2291.மெயில்பெட்டி,எஸ்=48213:2,எஸ். முதலில் இருக்கும் பத்து இலக்கம் யூனிக்ஸ் நேரம். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எண்ணிய நொடிகள். இந்த எண்ணை நம் நேரத்துக்கு மாற்றினால் 2024 ஜூன் 10, காலை 11 மணி 43 நிமிடம் 20 நொடி. நடுவில் இருக்கும் எஸ்=48213 கோப்பின் அளவு, பைட்டில். கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பிறகு வருபவை கொடிகள். எஸ் என்றால் படித்தாயிற்று, டி (T) என்றால் அழிக்கக் குறித்தாயிற்று.

பெயரில் இருக்கும் இந்த எண் முதல் தேதி. இரண்டாவது, மெயிலின் உள்ளே அனுப்பியவர் எழுதிய ‘டேட்’ தலைப்பு வரி. அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் 2038 என்று போட்டு அனுப்புவதுண்டு, பட்டியலில் எப்போதும் மேலே நிற்கட்டும் என்று. மூன்றாவது எம்டைம், அதாவது கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். நான்காவது சிடைம். இதைப் பலர் ‘உருவான நேரம்’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லினக்ஸில் சிடைம் என்பது கோப்பைப் பற்றிய விவரம் (பெயர், உரிமையாளர், அனுமதி, இணைப்பு எண்ணிக்கை) கடைசியாக மாறிய நேரம். ஐந்தாவது ஏடைம், கடைசியாகப் படித்த நேரம். ஏடைமை மறந்துவிடலாம். இன்றைய லினக்ஸில் ரெல்ஏடைம்தான் இயல்பு, அதனால் ஏடைம் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுவதில்லை. டவ்காட்டும் அதைப் பார்ப்பதில்லை.

மீதமுள்ளவற்றில் டவ்காட்டின் விதி தெளிவானது. மெயில்டிரில் எம்டைம்தான் ஐமேப்பின் (ஃபோனும் கணினியும் சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் முறை) ‘வந்து சேர்ந்த தேதி’. அது ஒருபோதும் மாறக் கூடாது. சிடைம்தான் ‘இந்தப் பெட்டிக்குள் சேர்ந்த தேதி’, அதாவது சேவ் தேதி. டவ்காட் மெயில் விவரங்களைத் தனியாகக் குறித்து வைக்கும் கேஷ் கோப்பில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மட்டும் அந்தப் பதிவுக்கு முன்னுரிமை. முழு விஷயமும் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

பழைய கிரான் வரி ஏன் ஆபத்து

ஃபைண்ட் கட்டளை, ட்ராஷின் மெயில் கோப்புகள் இருக்கும் ‘கர்’ ஃபோல்டர், எம்டைம் +30, டெலீட். பல சர்வர்களில் இன்றும் ஓடும் வரி இது. இதை உடனே எடுத்துவிடச் சொல்வோம். ஐமேப்பில் ஒரு மெயிலை இன்பாக்ஸிலிருந்து ட்ராஷுக்கு நகர்த்தினால் டவ்காட் கோப்பின் உள்ளடக்கத்தைத் திரும்ப எழுதாது. ஹார்ட்லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டு, பழைய பெயரை நீக்கிவிடும். எம்டைம் அப்படியே நிற்கும், நிற்கவும் வேண்டும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு முந்தைய மெயிலைக் கைதவறி இன்று மாலை ட்ராஷில் போட்டால், எம்டைம் கணக்கில் அது எழுநூறு நாள் பழசு. இரவு கிரான் ஓடும்போது போய்விடும். முப்பது நாள் அவகாசம் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருப்பீர்கள். பழைய மெயிலுக்கு உண்மையில் கிடைப்பது சில மணி நேரம். தொலைந்தால் அதிகம் வலிப்பதும் பழைய மெயில்தான்.

சரி, எம்டைமை எடுத்துவிட்டு சிடைம் +30 என்று எழுதலாமா? பாதி சரி. நகர்த்தும் கணத்தில் சிடைம் புதுப்பிக்கப்படும், அதனால் அவகாசம் கிடைக்கும். ஆனால் ட்ராஷுக்குள் அந்த மெயிலைத் திறந்தால் ‘படித்தது’ என்ற கொடி பெயரில் சேரும். பெயர் மாறினால் சிடைம் மாறும், எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். உரிமையாளரைச் சரிசெய்ய ஒருமுறை சௌன் கட்டளையைப் பெட்டி முழுதும் ஓட்டினால் அத்தனை மெயிலுக்கும் அன்றே புது வயது. இதைவிட மோசமான ஒன்று: சிலர் அதே டிஸ்கில் சிபி கட்டளையை ‘ஏஎல்’ சுவிட்சோடு ஓட்டி இரவுதோறும் ஹார்ட்லிங்க் நகல் எடுப்பார்கள். ஒவ்வொரு நகலும் இணைப்பு எண்ணிக்கையைக் கூட்டும், ஆகவே சிடைமும் மாறும். அப்புறம் ட்ராஷ் என்றைக்குமே காலியாகாது. டிஸ்க் நிறைந்து, புது மெயில் நின்ற பிறகுதான் தெரியவரும்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஃபைண்டில் +30 என்றால் முப்பது நாள் முடிந்தது என்று பொருள் இல்லை. வயதை 24 மணிநேரக் கட்டுகளாக எண்ணி, மிச்சத்தை விட்டுவிட்டு, 30-ஐவிடப் பெரிதா என்று பார்க்கும். ஆகவே 31 நாள் நிறைந்தவைதான் சிக்கும். ஒரு நாள் கூடுதல் என்பதால் கெடுதல் இல்லை, ஆனால் ‘நேற்றே போயிருக்க வேண்டுமே’ என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஃபைண்டால் அழிக்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள இட ஒதுக்கீட்டுக் கணக்கும் பிசகும். மெயில்டிர்சைஸ் கோப்பை வைத்து ஒதுக்கீடு பார்க்கும் அமைப்பில், டவ்காட்டுக்குத் தெரியாமல் கோப்பு போனால் கணக்கு பழையபடியே நிற்கும். பெட்டி பாதி காலியாக இருந்தும் ‘நிறைந்துவிட்டது’ என்று மெயில் திரும்பும். டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையான டவ்ஆட்மில் கோட்டா ரீகால்க் ஓட்டினால் சரியாகும்.

ஆட்டோஎக்ஸ்பஞ்ச்: எப்படி வேலை செய்கிறது

டவ்காட் என்றால் புறாக்கூடு. டிமோ சிரைனன் எழுதத் தொடங்கி, 2002-இல் முதல் வெளியீடு வந்தது. ஆட்டோஎக்ஸ்பஞ்ச் 2.2.20 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், காசும் இல்லை. 15-மெயில்பாக்ஸஸ் அமைப்புக் கோப்பில், இன்பாக்ஸ் நேம்ஸ்பேஸுக்குள் ட்ராஷ் என்ற பெட்டியின் அடைப்புக்குள் ஆட்டோஎக்ஸ்பஞ்ச் = 30டி என்று ஒரு வரி. ஜங்க்குக்கும் அப்படியே. ரீலோட் செய்தால் முடிந்தது.

இது சேவ் தேதியைப் பார்க்கிறது. அதாவது மெயில் எப்போது எழுதப்பட்டது, எப்போது வந்தது என்பதை விட்டுவிட்டு, இந்தப் பெட்டிக்குள் எப்போது விழுந்தது என்பதைக் கேட்கிறது. ட்ராஷுக்குக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆனாலும் மெயில்டிரில் இந்தத் தேதி சிடைமிலிருந்துதான் வருகிறது என்று பார்த்தோம். கொடி மாறினால் சிடைம் மாறும் என்ற பழைய நோய் இங்கும் தொற்றும். மருந்து ஒரே ஒரு அமைப்பு வரி: மெயில் ஆல்வேஸ் கேஷ் ஃபீல்ட்ஸ் என்பதில் டேட்.சேவ் என்று சேர்த்துவிட வேண்டும். அதன்பின் மெயில் பெட்டிக்குள் வரும்போதே சேவ் தேதி கேஷ் கோப்பில் எழுதப்பட்டுவிடும், சிடைம் பிறகு எத்தனை முறை மாறினாலும் கவலை இல்லை. இந்த வரியை மறந்துவிட்டுத்தான் ‘ஆட்டோஎக்ஸ்பஞ்ச் சரியாக வேலை செய்யவில்லை’ என்று பலர் கைவிடுகிறார்கள். இது இயல்பாகவே இயங்கும்படி இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஒரே குறை.

ஏன் இந்த ஒரு வரிக்கு இத்தனை அழுத்தம் என்றால், ஆட்டோஎக்ஸ்பஞ்ச் பெட்டியை முழுதாகத் துழாவாது. முதல் மெயிலிலிருந்து வரிசையாகப் பார்க்கும். காலம் முடிந்திருந்தால் அழிக்கும். முடியாத முதல் மெயிலைக் கண்டதும் நின்றுவிடும். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு, நியாயமானதுதான், ஏனென்றால் பெட்டிக்குள் விழுந்த வரிசையும் சேவ் தேதி வரிசையும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேஷ் இல்லாமல் சிடைமை நம்பியிருக்கும் பெட்டியில், வரிசையில் முதலில் நிற்கும் ஒரே ஒரு மெயிலின் கொடி நேற்று மாறியிருந்தால் போதும். அதற்குப் பின்னால் நிற்கும் ஆயிரம் பழைய மெயிலும் அடுத்த முப்பது நாளுக்கு அசையாது.

அடுத்து, இது கடிகாரம் பார்த்து இரவில் ஓடும் வேலை அல்ல. பயனரின் ஐமேப் அல்லது பாப் இணைப்பு முடியும்போதும், எல்எம்டிபி (போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் மெயிலை ஒப்படைக்கும் முறை) வழியாக மெயில் வந்து சேர்ந்த பிறகும் ஓடும். வேலையை விட்டுப் போனவரின் பெட்டியில் யாரும் நுழைவதில்லை, மெயிலும் வருவதில்லை என்றால் அங்கே சுத்தம் நடக்காது. அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு வாரம் ஒருமுறை கிரானில் டவ்ஆட்ம் எக்ஸ்பஞ்ச், எல்லாப் பயனருக்கும், மெயில்பாக்ஸ் ட்ராஷ், சேவ்ட்பிஃபோர் 30டி என்று ஒரு வரி போட வேண்டும். சேவ்ட்பிஃபோர் இருக்கும் இடத்தில் சென்ட்பிஃபோர் என்று எழுதிவிடாதீர்கள். அது அனுப்பியவர் எழுதிய தேதியை நம்பும்; 2038 தேதியிட்ட குப்பை பல வருஷம் உட்கார்ந்திருக்கும், கடிகாரம் கெட்ட ஸ்கேனர் அனுப்பிய நல்ல மெயில் அன்றே போகும். வெறும் பிஃபோர் என்று எழுதினால் வந்து சேர்ந்த தேதி, அதாவது மறுபடியும் எம்டைம் பொறி.

பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். சோதனைக் கணக்கு ஒன்று உருவாக்கி, அதன் இன்பாக்ஸில் ஒரு மெயில் கோப்பின் எம்டைமை டச் கட்டளையால் 400 நாள் பின்னுக்குத் தள்ளுங்கள். மெயில் செயலியிலிருந்து அதை ட்ராஷுக்கு நகர்த்துங்கள். இப்போது ஃபைண்ட் எம்டைம் +30 வரியை டெலீட் இல்லாமல், பிரின்ட் மட்டும் வைத்து ஓட்டினால் அந்தக் கோப்பு பட்டியலில் நிற்கும். டவ்ஆட்ம் சர்ச்சில் சேவ்ட்பிஃபோர் 30டி கொடுத்தால் ஒன்றும் வராது. டவ்ஆட்ம் ஃபெட்ச்சில் டேட்.ரிசீவ்ட், டேட்.சேவ்ட், டேட்.சென்ட் மூன்றையும் கேட்டால் மூன்று தேதியும் அடுத்தடுத்து வரும். ஒருமுறை இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மேலே எழுதிய எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆர்சிங்க்: நல்ல வேலைக்காரன், சொன்னதை மட்டும் செய்வான்

ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராசும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் இன்றும் சிறு அலுவலகத்துக்கு முதல் தேர்வு. கோப்பின் அளவும் எம்டைமும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் மாறவில்லை என்று முடிவு செய்து தாண்டிப் போகும். அதனால்தான் லட்சம் மெயிலையும் சீக்கிரம் கடக்கிறது. ‘ஏ’ சுவிட்சுக்குள் நேரத்தைக் காக்கும் ‘டி’ அடக்கம். யாராவது ‘ஆர்’ மட்டும் போட்டு ஓட்டினால் நகலின் எம்டைம் நகல் எடுத்த நேரமாகிவிடும். அடுத்த இரவு எல்லாக் கோப்பும் மாறியதாகத் தெரியும், எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்க்கும். அதுகூடப் பரவாயில்லை, நேரம்தான் வீண். அந்த நகலிலிருந்து மீட்கும் நாளில், பத்து வருஷ மெயிலும் ஒரே இரவில் வந்ததாகக் காட்டும்போதுதான் உண்மையான சேதம் தெரியும்.

மெயில்டிருக்கு நாங்கள் பரிந்துரைப்பது: ஏ, அதோடு பெரிய எச், நியூமரிக் ஐடிஸ், டெலீட், முந்தைய இரவின் நகலைச் சுட்டும் லிங்க்டெஸ்ட். பெரிய எச் எதற்கு என்றால், ஒரே மெயிலை இரண்டு ஃபோல்டரில் நகலெடுத்திருந்தால் டவ்காட் அதை ஹார்ட்லிங்க்காக வைத்திருக்கும். ‘ஏ’ சுவிட்சில் இது அடங்காது. விட்டுவிட்டால் பேக்கப்பில் இரண்டு தனிக் கோப்பாகி இடம் பெருகும். ஓடும்போது யாராவது மெயில் படித்தால் பெயர் மாறும், ஆர்சிங்க் ‘சில கோப்புகள் மறைந்துவிட்டன’ என்று 24 என்ற எண்ணோடு முடியும். இது தோல்வி இல்லை. ஸ்கிரிப்ட் அந்த எண்ணைக் கண்டு பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டு, இன்னொரு முறை ஓட்டினால் விட்டது சேர்ந்துவிடும்.

இனி வருவது, இந்த மதிப்புரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் படிக்க வேண்டிய பத்தி. இரவுதோறும் தேதியிட்ட ஃபோல்டர், பதினான்கு நாள் கடந்தவற்றை அழிக்க ஃபைண்ட் எம்டைம் +14. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஏ’ சுவிட்ச் கோப்போடு ஃபோல்டரின் நேரத்தையும் மூலத்திலிருந்து எடுத்து ஒட்டும், மேல்மட்ட ஃபோல்டர் உட்பட. மூலத்தில் பயனர்கள் இருக்கும் மேல் ஃபோல்டர் எப்போது மாறும்? புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்து கணக்கு உருவாகும்போதுதான். கடைசியாக மூன்று மாதம் முன் ஒருவர் சேர்ந்தார் என்றால், நேற்று இரவு எடுத்த பேக்கப் ஃபோல்டரின் எம்டைமும் மூன்று மாதப் பழசு. அழிக்கும் வரி அதைத்தான் முதலில் தூக்கும். எடுத்த மறுநிமிடமே பேக்கப் அழியும், கிரானிலிருந்து புகார் எதுவும் வராது. ஆர்சிங்க் முடிந்ததும் அந்த மேல் ஃபோல்டருக்கு ஒரு டச் கொடுத்தால் தப்பிக்கலாம். அதைவிட நல்லது, எம்டைமை விட்டுவிட்டு ஃபோல்டரின் பெயரில் இருக்கும் தேதியைப் படித்து அழிப்பது. எப்படியும் கடைசி ஏழு நகல்களை மட்டும் தொடாதே என்று எண்ணிக்கை வரம்பும் வைப்பது.

போர்க் இந்த இடத்தில் ஒரு படி மேல். கீப் டெய்லி 7, கீப் வீக்லி 4, கீப் மன்த்லி 6 என்று கொடுத்தால் பேக்கப் எடுத்த நாட்களை எண்ணும். பேக்கப் இரண்டு மாதம் நின்றே போனாலும் பழைய ஏழும் பத்திரமாக இருக்கும். கோப்பு மாறியதா என்று பார்க்க 1.1 பதிப்பிலிருந்து சிடைம், அளவு, ஐநோட் (டிஸ்கில் கோப்பின் அடையாள எண்) மூன்றையும் பார்க்கிறது. எம்டைமைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றும் நிரல்களிடம் ஏமாறாது. குறை ஒன்று: மீட்க போர்க் வேண்டும். ஆர்சிங்க் நகலை எந்த லினக்ஸிலும் திறந்து அப்படியே படிக்கலாம். அவசரத்தில் அது பெரிய வசதி.

ஏமாற்றும் நிரல் என்றதும் சொல்ல வேண்டியது வேராகிரிப்ட். பல ஆடிட்டர் அலுவலகங்கள் வாடிக்கையாளர் கோப்புகளை அதன் பூட்டிய கன்டெய்னரில் வைக்கின்றன. உள்ளே எவ்வளவு எழுதினாலும் கன்டெய்னரின் எம்டைம் மாறாமல் வைப்பது அதன் இயல்பு அமைப்பு. அளவும் நிலையானது. ஆர்சிங்க்கின் கண்ணில் அது மாறவே இல்லை. முதல் நாள் நகலே வருஷக்கணக்கில் நிற்கும். வேராகிரிப்ட் அமைப்புகளில் ‘மாற்ற நேரத்தைப் பாதுகாக்கவும்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், அல்லது அந்தக் கோப்புக்கு மட்டும் ஆர்சிங்க்கில் செக்சம் சுவிட்ச் போடுங்கள்.

அவுட்லுக் மெயிலையெல்லாம் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு இதற்கு நேர் எதிர். வெறுமனே திறந்து மூடினாலே எம்டைம் மாறும். பத்து ஜிபி பிஎஸ்டி ஐந்து பேரிடம் இருந்தால் இரவுக்கு ஐம்பது ஜிபி மறு சரிபார்ப்பு. ஐமேப்பிலேயே மெயில் இருக்கட்டும், பிஎஸ்டி வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அவுட்லுக்கின் ஆட்டோஆர்க்கைவும் மெயில் வந்த தேதி, கடைசியாக மாறிய தேதி இரண்டில் பிந்தையதைத்தான் எடுக்கும். பழைய மெயில்களை நேற்று வேறு ஃபோல்டருக்கு மாற்றி அடுக்கினால் அவை இப்போது புதியவை, ஆர்க்கைவ் ஆகாது. ரெஜிஸ்ட்ரியில் ஆர்க்கைவ்இக்னோர்லாஸ்ட்மாடிஃபைட்டைம் என்ற மதிப்பை 1 ஆக்கினால் வந்த தேதியை மட்டும் பார்க்கும்.

விண்டோஸ் பக்கம் ரோபோகாப்பி கோப்பு நேரத்தை இயல்பாகவே காக்கும், ஃபோல்டர் நேரத்தைக் காக்காது. டிகாப்பி சுவிட்சில் ‘டி’ (T) எழுத்தையும் சேர்த்து டிஏடி (DAT) என்று கொடுக்க வேண்டும். எஃப்டிபி-யில் ஃபைல்ஸில்லா நேரத்தைக் காக்கும் வசதியை அணைத்தே தருகிறது, வின்எஸ்சிபி இயக்கியே தருகிறது. மெயில் கோப்புகளை இவற்றால் நகர்த்தும் முன் பாருங்கள்.

ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் என்ன வாங்குவது

வெளி டிஸ்க் வாங்கியதும் எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருந்தால் அப்படியே பயன்படுத்த வேண்டாம். எஃப்ஏடி எம்டைமை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும், ஒற்றைப்படை நொடியில் வந்த மெயில் எல்லாம் மாறியதாகத் தெரியும். ஆர்சிங்க்கில் மாடிஃபை விண்டோ 1, ரோபோகாப்பியில் எஃப்எஃப்டி கொடுத்துச் சமாளிக்கலாம். எஃப்ஏடி உள்ளூர் நேரத்தை எழுதும் என்பது அடுத்த தொல்லை. விண்டோஸில் எழுதிய டிஸ்கை லினக்ஸ் கிரீன்விச் நேரமாகப் படித்தால் எல்லாக் கோப்பும் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். 19,800 நொடி வித்தியாசம் கண்ணில் பட்டால் வேறு எதையும் தேட வேண்டாம், இதுதான். மெயில்டிர் பெயரில் இருக்கும் முக்காற்புள்ளியை எஃப்ஏடி ஏற்கவும் செய்யாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்துவிடுவதே வழி.

டிஸ்கோடு ஒரு சிஆர்2032 பேட்டரியும் வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள்தான். சர்வர் பலகையில் இருக்கும் இந்த வட்டப் பேட்டரி செத்தால், மின்வெட்டில் யுபிஎஸ் தீர்ந்து பெட்டி மறுபடி எழும்போது கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நிற்கும். இணையம் வந்து நேரம் சரியாகும் முன் வந்த மெயிலுக்கெல்லாம் பழைய தேதி ஒட்டிவிடும். சேவ் தேதியும் அப்படித்தான், ஆகவே அந்த இடைவெளியில் ஜங்க்குக்குப் போன நல்ல மெயில் நேரம் சரியானதும் அழியும். டவ்காட் 1 வரிசையில் கடிகாரம் பின்னால் போனால் நிரலே தன்னை நிறுத்திக்கொள்ளும். இப்போதைய பதிப்புகள் சமாளிக்கின்றன, தேதியைத் திருத்துவதில்லை. கடிகாரத்தை நேர சர்வரோடு ஒத்திசைக்கும் குரோனி வைத்து, நேரம் ஒத்திசைந்த பிறகே போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் எழும்படி, சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் டைம்-சிங்க் இலக்குக்குப் பின்னால் அவற்றை நிறுத்துங்கள். நேர சர்வராக சமய்1.என்ஐசி.இன், சமய்2.என்ஐசி.இன் கொடுக்கலாம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 ஆணையும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசையச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

இன்னொரு நகல் கட்டிடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் தரைத்தளத்தில் சர்வரும் டிஸ்கும் ஒரே மேசையில் வைத்திருந்த இடங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமேசானின் எஸ்3 என்ற இணையச் சேமிப்புக்கு அனுப்பினால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே காலாவதி விதி கோப்பின் எம்டைமைப் பார்க்காது. ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணி, அடுத்த கிரீன்விச் நள்ளிரவுக்கு, அதாவது நமக்குக் காலை 5:30-க்கு, முழுமையாக்கும். எட்டு வருஷ மெயிலை இன்று ஏற்றினால் அதன் வயது இன்று பூஜ்யம். ஆடிட்டர்களுக்கு இது நல்லதே, ஏனென்றால் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128 கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டு வைக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். இன்வாய்ஸ் வரும் பெட்டிக்கு ஆட்டோஎக்ஸ்பஞ்ச் போடவே போடாதீர்கள். அந்தப் பெட்டியின் ட்ராஷுக்கு 90 நாள் கொடுங்கள்.

ஏற்கெனவே தேதி கெட்டுவிட்டதா?

மீட்ட மெயிலின் எம்டைம் எல்லாம் ஒன்றாகிவிட்டால், இன்பாக்ஸைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். கோப்புப் பெயரின் முதல் பத்து இலக்கத்தை எடுத்து, டச் கட்டளைக்கு ‘@’ குறியோடு கொடுத்து ஒவ்வொரு கோப்பின் எம்டைமையும் திருப்பி வையுங்கள். ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் நகர்ந்த மெயிலிலும், வேறு சர்வரிலிருந்து ஐமேப் வழியாக இடம்பெயர்ந்த மெயிலிலும் அந்த எண் நகர்ந்த நேரமாக இருக்கலாம். அங்கே மேலிருந்து முதல் ‘ரிசீவ்ட்’ தலைப்பு வரியின் தேதியை எடுக்க வேண்டும். எம்டைமைத் திருத்திய பின், டவ்காட்.இன்டெக்ஸ்.கேஷ் கோப்பை நீக்குங்கள், இல்லாவிட்டால் தவறான தேதியையே அது தொடர்ந்து சொல்லும். பக்கத்தில் இருக்கும் டவ்காட்-யுஐடிலிஸ்டைத் தொடாதீர்கள். அது போனால் எல்லா மெயிலுக்கும் புது எண் விழும், ஐம்பது பேரின் ஃபோனும் கணினியும் முழுப் பெட்டியையும் மறுபடி இறக்கும், அன்று காலை அலுவலக இணையம் படுத்துவிடும்.

சிடைமை வழக்கமான எந்தக் கட்டளையாலும் பின்னுக்குத் தள்ள முடியாது. எனவே பேக்கப்பில் இன்டெக்ஸ், கேஷ் கோப்புகளும் இருந்தால்தான் சேவ் தேதி திரும்பக் கிடைக்கும். அவை இல்லையென்றால் மீட்ட ட்ராஷ் இன்றிலிருந்து முப்பது நாள் எண்ணத் தொடங்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம், தவறு பாதுகாப்பான பக்கம்தான் சாய்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பயனரின் பெட்டியைப் பேக்கப்பிலிருந்து தனி இடத்துக்கு மீட்டுப் பாருங்கள். அசலிலும் மீட்டதிலும் டவ்ஆட்ம் ஃபெட்ச்சால் டேட்.ரிசீவ்ட், டேட்.சேவ்ட் பட்டியல் எடுத்து, டிஃப் கட்டளையில் கொடுங்கள். பேக்கப்புக்குப் பின் வந்து போன மெயில்களின் வரிகள் மட்டும் வித்தியாசமாக வர வேண்டும். ரிசீவ்டில் மற்ற மெயில்கள் மாறியிருந்தால் ஆர்சிங்க் வரியைப் பாருங்கள். சேவ்டில் மட்டும் மாறியிருந்தால் டேட்.சேவ் கேஷ் வரி விட்டுப்போயிருக்கிறது.